தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் வியாபாரம் குறையுமா?
அஜ்ரக்பூர் சாயத் தொழிலாளர்கள் தரும் பதில்

தொழில் ரகசியம் வெளியே போனால் வியாபாரமும் போய்விடும் என்பது எமது வியாபாரிகள் பலருடைய உறுதியான நம்பிக்கை. சரக்கு எங்கே எடுக்கிறோம், எந்தக் கலவை போடுகிறோம், எப்படித் தயாரிக்கிறோம் என்பதையெல்லாம் கடையில் பத்து வருடமாக நிற்கும் பையனுக்குக் கூடச் சொல்வதில்லை. முதலாளி மௌத்தானதோடு தொழிலும் முடிந்து போன கடைகளை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். கொள்விலையையும் கடன் கணக்கையும் ரகசியமாக வைப்பது நியாயம்தான். ஆனால் கைத்திறனையும் அவ்வாறே பூட்டி வைக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இக்கேள்விக்கு அனுபவத்தால் பதில் சொன்ன ஒரு கூட்டத்தாரைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம். இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கட்ச் என்றொரு மாவட்டம் உள்ளது. கத்தியவாரிலிருந்து வந்து கொழும்பு புறக்கோட்டையில் புடவை வியாபாரத்தில் பெயரெடுத்த மேமன் சகோதரர்களை நாம் அறிவோம். அந்தக் கத்தியவாருக்கு வடமேற்கே, குடாவுக்கு அப்பால் இருக்கும் வரண்ட நிலமே கட்ச். அங்கு வாழும் கத்ரி என்ற முஸ்லிம் சமூகத்தினருக்குத் துணிக்குச் சாயமிடுவதும் மர அச்சினால் அச்சடிப்பதும் பரம்பரைத் தொழில். அவர்கள் செய்யும் துணியின் பெயர் அஜ்ரக்.

இத்தொழிலில் முன்னோடியாக மதிக்கப்படுபவர் இஸ்மாயில் முகம்மத் கத்ரி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003ஆம் ஆண்டு இவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. சாயத்தொட்டியில் கைவைத்து வேலை செய்யும் ஒருவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்ததற்குக் காரணம் அவர் துணி விற்றது மட்டுமல்ல. தான் அறிந்ததை மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் அவர் விளக்கிச் சொன்னார். விரிவுரை, செய்முறை விளக்கம், செயலமர்வு என்பன அக்குடும்பத்தின் தொழிலில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன.

அஜ்ரக் என்றால் என்ன?

கடும் நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கு நிறங்களே பழைய அஜ்ரக்கின் அடையாளம். நட்சத்திரங்களும் வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கணித வடிவங்கள் துணி முழுவதும் நிறைந்திருக்கும். நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அங்குள்ள தொழிலாளர்களோ 'ஆஜ் ரக்', அதாவது 'இன்றைக்கு வைத்து விடு' என்பதிலிருந்து வந்தது என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் துணியை ஆறப் போட்டு வைத்தால்தான் சாயம் பிடிக்கும். ஆகவே வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் தொழில் உண்மை இருக்கிறது.

சுமார் நானூறு வருடங்களுக்கு முன் கட்ச் மன்னர் முதலாம் ராவ் பார்மல் அழைத்ததன் பேரில் தம் முன்னோர் சிந்துப் பகுதியிலிருந்து வந்ததாக இக்குடும்பத்தார் கூறுவர். சாயத்தொழிலுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆற்றோரமாக இருந்த தமட்கா என்ற கிராமத்தில் குடியேறினர். குஜராத்தின் அச்சுத்துணி வியாபாரம் அதைவிடவும் பழையது. எகிப்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் கிடைத்த இந்திய அச்சுத்துணித் துண்டுகளில் சுமார் 1,200 ஒக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குஜராத்திலிருந்து கப்பலேறிப் போனவை என்று கருதப்படுகிறது. செங்கடல் வழியாக எமது முன்னோர் நடத்திய வியாபாரத்தின் எச்சங்கள் அவை.

அறிந்த வாடிக்கையாளர் போனார், அறியாதவர் வந்தார்

அஜ்ரக்கின் பழைய வாடிக்கையாளர் யார் என்பதைத் தெரிந்து கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். கட்ச்சில் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கும் மால்தாரி மக்களே இதை வாங்கினர். தோளில் போட்டார்கள், தலையில் கட்டினார்கள், சாரமாக உடுத்தார்கள். இவர்களுக்கு அஜ்ரக்கைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பாட்டன் காலம் முதல் உடுத்தவர்கள். துணியைக் கையிலெடுத்துப் பார்த்ததுமே நல்லது எது, கெட்டது எது என்று சொல்லி விடுவார்கள். சாயம் மோசமென்றால் அடுத்த முறை வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

இந்தச் சந்தை இரண்டு அடிகளால் விழுந்தது. முதலாவது அடி இரசாயனச் சாயம். மஞ்சிட்டி வேரிலிருந்து கிடைத்த சிவப்பை ஜெர்மன் விஞ்ஞானிகள் 1860களின் இறுதியில் செயற்கையாகச் செய்து விட்டார்கள். செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. காலப்போக்கில் கட்ச்சிலும் பக்கற்றில் வரும் சாயமே வழக்கமாகியது. இரண்டாவது அடி, ஆலைகளில் தயாரான மலிவான செயற்கை நூல் துணி. துவைத்தால் சீக்கிரம் காயும், நெடுநாள் உழைக்கும், விலையும் குறைவு. மேய்ப்பர்கள் அதற்கு மாறியதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இக்கட்டத்தில் இஸ்மாயில் கத்ரியின் தகப்பனார் முகம்மத் சித்தீக் ஒரு முடிவெடுத்தார். மறைந்து போய்க் கொண்டிருந்த இயற்கைச் சாய முறைகளை மீட்டெடுத்து, அப்துல் ரஸாக், இஸ்மாயில், அப்துல் ஜப்பார் ஆகிய மூன்று ஆண்மக்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 1970களில் குஜராத் அரசின் கைப்பணிக் கூட்டுத்தாபனமும் நகரத்து வடிவமைப்பாளர்களும் இத்துணியைத் தேடி வரத் தொடங்கினர். மேய்ப்பர் உடுத்த துணி நகரத்துப் பெண்களின் சேலையாகவும் மேசை விரிப்பாகவும் மாறியது.

ஆனால் புதிய வாடிக்கையாளருக்கு ஒரு குறை இருந்தது. அவருக்குப் பணம் இருந்தது, ரசனையும் இருந்தது, அறிவு இருக்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாகச் செய்த அஜ்ரக்கையும் இயந்திரத்தில் ஒரே நாளில் அடித்த போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாதவர் விலை குறைந்ததைத்தான் வாங்குவார். பழைய வாடிக்கையாளரிடம் இயல்பாக இருந்த அறிவைப் புதிய வாடிக்கையாளருக்கு யாராவது கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் விரிவுரைகளும் செயலமர்வுகளும் செய்தன.

செயலமர்வில் என்ன காட்டுகிறார்கள்?

ஒரு முழு அஜ்ரக்குக்குச் சுமார் 14 முதல் 16 படிகள் வரை உண்டு. வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு இப்படிகளை வரிசையாக விளக்குவார்கள்.

முதலில் துணியிலுள்ள கஞ்சி போகக் கழுவுவார்கள். பிறகு ஆமணக்கெண்ணெய், சோடாக்காரம், ஒட்டகப் புழுக்கை கலந்த நீரில் ஊற வைத்துக் காய வைப்பார்கள். இதனால் நூல் மென்மையாகிச் சாயத்தை உறிஞ்சத் தயாராகிறது. அடுத்தது கடுக்காய்த் தண்ணீர். கடுக்காயிலுள்ள துவர்ப்புச் சத்து துணியில் ஏறி இளமஞ்சள் நிறம் வரும். பின்னால் வரும் கறுப்புக்கும் சிவப்புக்கும் அத்திவாரம் இதுதான்.

அதன் பின் அச்சு வேலை தொடங்குகிறது. சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையால் கோடுகளை அடிப்பார்கள். இப்பசை உள்ள இடத்தில் சாயம் ஏறாது, கடைசியில் அது வெள்ளையாக நிற்கும். கறுப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாட்கணக்காகப் புளிக்க வைத்து, புளியங்கொட்டை மாவால் தடிப்பாக்கி அடிப்பார்கள். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்தவுடன் கறுப்பு உண்டாகிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரப் பசையை அடிப்பார்கள். அது கிட்டத்தட்ட நிறமில்லாதது. எங்கே அடித்தோம் என்று தெரிவதற்காகக் கொஞ்சம் காவிமண் சேர்ப்பார்கள்.

அடுத்து, நீலம் ஏறக்கூடாத இடங்களைக் களிமண் கலந்த பசையால் மூடி, துணியை அவுரி நீலத் தொட்டியில் அமிழ்த்துவார்கள். பார்வையாளர்கள் வாய்பிளந்து நிற்கும் இடம் இதுவே. தொட்டியிலிருந்து வரும் துணி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டவுடன் கண்முன்னாலேயே நீலமாக மாறும். கரைந்த நிலையிலுள்ள அவுரிச் சாயம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நூலுக்குள் கரையாத நீலமாகத் தங்குவதால் இது நடக்கிறது. பிறகு துணியை அலசி, சிவப்புச் சாயம் போட்ட பெரிய செப்புப் பாத்திரத்தில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் அடித்த இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். பார்வைக்குத் தெரியாமல் இருந்த வடிவம் அப்போது வெளியே வரும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, வந்தவர் கையில் ஒரு மர அச்சைக் கொடுத்து ஒரு சால்வையில் அடிக்கச் சொல்வார்கள். முதல் அச்சு பரவாயில்லாமல் விழும். இரண்டாவது அச்சு முதலாவதோடு சேராது. மூன்றாவதில் பசை கூடிவிடும். அரை மணித்தியாலத்தில் தோள் வலிக்கும். அதன் பிறகு அவர் சுவரில் தொங்கும் சேலையைத் திரும்பிப் பார்க்கும் பார்வையே வேறு. 'இது ஏன் இவ்வளவு விலை?' என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்பதில்லை.

அசலையும் போலியையும் பிரித்தறிதல்

செயலமர்வுக்குப் போனவர் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு வருகிறார். போலியைக் கண்டுபிடிக்கும் அறிவு அது. புடவை வியாபாரம் செய்யும் எமது வாசகர்களுக்கும் இது பயன்படும். ஸ்கிரீன் முறையில் அடித்த துணியில் நிறம் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டும் நிற்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். அசல் அஜ்ரக்கில் நீலமும் சிவப்பும் தொட்டியில் அமிழ்த்தி ஏற்றியவை. ஆகவே பின்பக்கத்திலும் நிறம் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் அச்சடித்த உயர்தர வகையும் உண்டு. போலியில் ஒவ்வொரு பூவும் அச்சொட்டாக ஒரேமாதிரி இருக்கும். கையால் அடித்ததில் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் நூலளவு விலகலைக் காணலாம். விஷயம் அறியாதவர் அவ்விலகலைப் பழுது என்பார். அறிந்தவரோ அதைத்தான் அத்தாட்சியாகத் தேடுவார்.

ஆகவே கற்றுக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரும் தொழிலுக்குக் கிடைத்த ஒரு காவலாளி. அவர் தன் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பேசும்போது சம்பளமில்லாத விற்பனையாளராகவும் ஆகிவிடுகிறார். விளம்பரத்துக்குக் காசு கொட்டினாலும் இப்படியான ஆட்களை வாங்க முடியாது.

பூமியதிர்ச்சியும் புதிய கிராமமும்

2001 ஜனவரி 26ஆம் திகதி கட்ச்சைத் தாக்கிய பெரும் பூமியதிர்ச்சி தமட்காவைத் தரைமட்டமாக்கியது. வீடுகளும் பட்டறைகளும் இடிந்தன. அது போதாதென்று நிலத்தடி நீரின் தன்மையும் மாறி, தண்ணீரில் இரும்புச் சத்து கூடியது. கறுப்புச் சாயத்துக்கு இரும்புதான் மூலப்பொருள் என்று மேலே பார்த்தோம். அதே இரும்பு எல்லாத் தண்ணீரிலும் கலந்திருந்தால் சிவப்பு சிவப்பாக நிற்காது, மங்கிக் கறுத்துவிடும்.

அச்சுத் தொழிலாளர் குடும்பங்கள் பல கூடி, புஜ் நகருக்கு அண்மையில் புதிய காணி வாங்கிக் குடியேறின. சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தன. புதிய கிராமத்துக்கு வைத்த பெயர் அஜ்ரக்பூர். இது நல்ல வியாபார யோசனையும் கூட. விலாசத்தைச் சொன்னாலே சரக்கின் பெயரும் வந்துவிடுகிறது.

அவ்வளவு பெரிய இழப்புக்குப் பின்னும் இத்தொழில் எழுந்து நிற்க முடிந்ததற்கு, தொழிலாளர்களை நேரில் அறிந்த வாடிக்கையாளர்கள் நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்தது ஒரு காரணம் என்பதே எனது கருத்து. நடுவில் நிற்கும் தரகர் வேறு இடத்தில் சரக்கு எடுத்துவிட்டுப் போவார். பட்டறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து சாயம் பார்த்தவர் அப்படிப் போவதில்லை. அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் 2004 முதல் நடந்து வரும் சர்வதேச நாட்டுப்புறக் கலைச் சந்தையிலும் அஜ்ரக்பூர் தொழிலாளர்கள் நேரில் நின்று விற்றிருக்கிறார்கள்.

நட்டமே இல்லையா?

உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் கணக்குச் சரிவராது. செயலமர்வு நடத்தும் நாளில் பட்டறையின் உற்பத்தி குறையும். வருபவர்களில் சிலர் வடிவங்களைப் படமெடுத்துப் போய் வேறு நகரங்களில் ஸ்கிரீனில் அடித்து 'அஜ்ரக்' என்று விற்கவும் கூடும். ஆனால் அஜ்ரக் போலிகளைச் செய்தவர்களுக்குச் செயலமர்வு தேவைப்படவில்லை. கடையில் ஒரு சேலை வாங்கினாலே வடிவம் கையில் வந்துவிடும். கதவை மூடி வைத்திருந்தாலும் போலி வந்தே இருக்கும். அப்போது அசலைத் தெரிந்த வாடிக்கையாளர் மட்டும் இருந்திருக்க மாட்டார்.

மேலும், வாயால் சொல்லிக் கொடுக்கக் கூடியது வேறு, கைக்கு வரவேண்டியது வேறு. இரும்புத் தண்ணீர் புளித்துவிட்டதா, நீலத் தொட்டி நல்ல நிலையில் இருக்கிறதா, இன்றைய ஈரப்பதத்துக்குப் பசை எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பவற்றை மூன்று நாள் செயலமர்வில் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்குப் பட்டறையில் வருடக்கணக்காக நிற்க வேண்டும். செய்முறையைத் திறந்து காட்டலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வந்ததே இதனால்தான்.

போலியை எதிர்கொள்ள அவர்கள் வேறு இரண்டு வழிகளையும் பிடித்தார்கள். ஒன்று, கற்றுக் கொடுப்பதோடு நில்லாமல் தாமும் கற்றார்கள். கைப்பணியாளர்களுக்கென்றே கலா ரக்ஷா வித்யாலயா என்ற வடிவமைப்புப் பாடசாலை 2005இல் கட்ச்சில் தொடங்கியது. 2014இல் சோமையா கலா வித்யா வந்தது. இவற்றில் நிறச் சேர்க்கை, புதிய வடிவமைப்பு, சந்தை அறிவு ஆகியன கற்பிக்கப்பட்டன. போலி செய்பவர் சென்ற வருடத்து வடிவத்தைத்தான் திருடுவார். காரணத்தோடு தொழில் தெரிந்தவர் இவ்வருடம் வேறொன்றைச் செய்வார். மற்றது சட்ட வழி. 2024ஆம் ஆண்டு 'கட்ச் அஜ்ரக்' இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றது. எமது நாட்டுக் கறுவாவுக்கு 'சிலோன் சினமன்' என்ற பெயரில் 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த பாதுகாப்பு போன்றதே இதுவும். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. கடையில் நின்று 'இது அசல் அல்ல' என்று சொல்லக்கூடிய வாடிக்கையாளர் இருந்தால்தான் அச்சட்டத்துக்கு உயிர் வரும்.

கட்ச்சிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. நிரோனா கிராமத்தில் ரோகன் என்ற துணி ஓவியத்தை ஒரு கத்ரி குடும்பம் செய்து வருகிறது. ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சிப் பசையாக்கி, நிறம் சேர்த்து, ஓர் உலோகக் கம்பியால் நூலாக இழுத்துத் துணியில் வரையும் கலை இது. நீண்ட காலம் குடும்பத்து ஆண்களுக்குள் மட்டும் இருந்த இக்கலையை, அழிந்துவிடக் கூடாது என்பதற்காக அப்துல் கபூர் கத்ரி வெளியிலுள்ள பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 2019இல் அவருக்கு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ரகசியத்தைக் காத்தபோது அக்கலையைச் செய்யக்கூடியவர்கள் குறைந்து கொண்டே போனார்கள். அதைத் திறந்துவிட்ட பிறகு வேலை செய்யப் புதிய கைகள் கிடைத்தன.

நாம் எடுத்துக் கொள்ளக் கூடியது

இங்கே சொன்னதை எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருத்த முடியாது. கைத்திறன் இல்லாத, வெறும் கலவைக் கணக்கை மட்டும் நம்பிய தொழிலில் செய்முறையைச் சொல்வது ஆபத்து. கேட்டவர் நாளைக்கே பக்கத்தில் கடை போடலாம். ஆனால் திறமையும் தரமும் உள்ள தொழிலில், விலை குறைவான போலியோடு போட்டியிட வேண்டியிருந்தால், வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்வதை விட வலுவான ஆயுதம் இல்லை.

மெழுகு பூசிக் கையால் செய்த பத்திக்கும் ஸ்கிரீனில் அடித்த 'பத்திக்'கும் ஒரே கடையில் தொங்குவதை நாம் காண்கிறோம். அசலைச் செய்பவர் தன் கடையின் ஒரு மூலையில் மெழுகுப் பாத்திரமும் ஒரு சட்டகமும் வைத்து, வருபவருக்குப் பத்து நிமிடம் காட்டினால் என்ன? மாணிக்கக்கல் வியாபாரி, சூடேற்றிய கல்லுக்கும் சூடேற்றாத கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே முன்வந்து விளக்கினால் என்ன? தையற்காரர் துணியின் உட்பக்கத்தைப் புரட்டிக் காட்டி, தான் எங்கே உழைத்திருக்கிறார் என்று சொன்னால் என்ன? இவற்றுக்குப் பெரிய முதல் தேவையில்லை. செலவாவது நேரம்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விளக்கிச் சொல்பவரின் சரக்கு சொன்னபடியே இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு அளவுகோலைக் கையில் கொடுத்தால், அதைக்கொண்டு முதலில் நமது சரக்கைத்தான் அவர் அளப்பார். அளந்து பார்க்கட்டும் என்று விடக்கூடிய சரக்கு நம்மிடம் இருக்கிறதா என்பதை, கற்றுக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கடை அலுமாரியைத் திறந்து பார்த்துக் கொள்வது நல்லது.